ஒரே நாளில் மூன்று கோட்டையா? கென்ட் போகும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆகஸ்டில் வந்து மூன்று வாரம் தங்குகிறார்கள். இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல். அம்மாவுக்கு மூட்டுவலி. பிள்ளைகளுக்கு வயது 16, 9. கார் இல்லை. லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் மாவட்டக் கோட்டைகளை எல்லோரும் பார்க்க ஆசை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் லீட்ஸ் கோட்டை, கேன்டர்பரி, டோவர் மூன்றையும் ஒரே நாளில் வேனில் காட்டுவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராகிவிட்டால் எல்லாக் கோட்டைக்கும் இலவசம் என்கிறார் தோழி. எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். இரண்டு நாளாகப் பிரித்து ரயிலில் போங்கள். ஒரு நாள் டோவர், இன்னொரு நாள் கென்டிலேயே மற்றொரு கோட்டை ஊரான ரோச்செஸ்டர்.

முதலில் அந்த வேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து லீட்ஸ் கோட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கேன்டர்பரி முக்கால் மணி, பிறகு டோவர் அரை மணி, திரும்பி வர இரண்டு மணி. ஆகஸ்டில் டோவர் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டால் இன்னும் கூடும். பத்து மணி நேரப் பயணத்தில் பாதி வேனுக்குள்ளேயே கழியும். மிச்சத்தில் சாப்பாடு போக மூன்று இடம். இப்படிப்பட்ட டூரில் ‘டோவர்’ என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பாறைகளை எட்ட நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான். கோட்டைக்குள் கால் வைக்க மாட்டார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “எந்தெந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறது?” எழுத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அதைவிடப் பெரியது. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்கு உரிமம் வேண்டும். எட்டுப் பயணிகள் வரை என்றால் பிரைவேட் ஹயர் உரிமம், ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் பஸ் நடத்துவோருக்கான உரிமம். லண்டனில் உரிமம் பெற்ற பிரைவேட் ஹயர் வண்டியின் முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் வட்ட வில்லை ஒட்டியிருக்கும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், கூலிக்கு ஆள் ஏற்றும்போது செல்லாது. வழியில் விபத்து நடந்தால் உங்கள் பெற்றோரின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். “நம்ம ஆள்தான், நல்ல மனுஷன்” என்பது உரிமம் ஆகாது. வில்லை இல்லாத வேனில் வயதானவர்களை ஏற்றாதீர்கள்.

அடுத்து தோழியின் யோசனை. பழைய இடங்களைப் பராமரிக்கும் அமைப்புகளில் நேஷனல் டிரஸ்ட் வேறு, இங்கிலிஷ் ஹெரிடேஜ் வேறு. ஒன்றின் அட்டை கென்டில் மற்றதன் வாசலில் செல்லாது. டோவரிலேயே பாருங்கள்: கோட்டை இங்கிலிஷ் ஹெரிடேஜ் வசம், பக்கத்து வெள்ளைப் பாறை நடைபாதை நேஷனல் டிரஸ்ட் வசம். அந்தப் பாறை மேல் நடக்க யாருக்கும் கட்டணமே இல்லை. உறுப்பினருக்கு அங்கே மிச்சமாவது கார் நிறுத்தும் காசு மட்டும். உங்களிடம் கார் இல்லை. லீட்ஸ் கோட்டையும் கேன்டர்பரி பேராலயமும் இந்த இரண்டிலும் சேராதவை. நேரடி டெபிட்டில் உறுப்பினரானால், நிறுத்தச் சொல்லும் வரை ஆண்டுதோறும் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு இங்கிலிஷ் ஹெரிடேஜ் தரும் பாஸ் தொடர்ச்சியான நாள்கணக்கு. அந்த நாட்களுக்குள் டோவரோடு ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற வேறு இரண்டு மூன்று இடமும் போனால்தான் கட்டுப்படியாகும்.

டோவர் டிக்கெட்டை இங்கிலிஷ் ஹெரிடேஜின் சொந்தத் தளத்தில் முன்கூட்டியே எடுங்கள். தேடுபொறியில் முதலில் விளம்பரமாக வரும் இடைத்தரகரிடம் வேண்டாம். தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ அலைக்கழிப்பார்கள். பணம் கட்டும் பக்கத்தில் ‘கிஃப்ட் எய்ட்’ என்று ஒரு கட்டம் வரும். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் அதை டிக் செய்தால், நன்கொடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்த அமைப்புக்குக் கிடைக்கும். நீங்கள் வரி கட்டுபவராக இருந்து, உங்கள் கார்டில் வாங்கினால் சரி. அப்பா தன் கார்டில் வாங்கினால் தொடக்கூடாது. கட்டாத வரியைக் கட்டியதாக அறிவிப்பது அது. நன்கொடை சேர்ந்த விலை, சேராத விலை என்று இரண்டு காட்டுவார்கள். சேராததைத் தேர்ந்தெடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி ரயில். கோட்டை வாசலில் உங்கள் 16 வயதுப் பிள்ளை குழந்தை. அங்கே 17 வரை குழந்தைக் கட்டணம்தான். ரயிலில் குழந்தை என்பது 5 முதல் 15 வரை. ஒரே நாளில், ஒரே பிள்ளை, காலையில் பெரியவர், பத்து மணிக்குக் குழந்தை! இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ரயில் கணக்கில் நீங்கள் ஐந்து பெரியவர், ஒரு குழந்தை. எல்லோரும் சொல்லும் ஃபேமிலி ரெயில்கார்டு நான்கு பெரியவருக்குத்தான். ஐந்தாமவர் முழுக் கட்டணம் தர வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது ‘குரூப்சேவ்’. மூன்று முதல் ஒன்பது பெரியவர் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பினால், நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கார்டே வேண்டாம். உதாரணத்துக்கு ஆளுக்கு 30 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குரூப்சேவில் ஐந்து பேருக்கு 100, சின்னவருக்கு அரைக் கட்டணம் 15, மொத்தம் 115. ரெயில்கார்டில் நால்வருக்கு 80, ஐந்தாமவருக்கு 30, சின்னவருக்கு 60 சதவீதம் தள்ளுபடி போக 12, மொத்தம் 122. கார்டு விலை அதற்கு மேல். 16 வயதுப் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டால் குரூப்சேவ் 95, ரெயில்கார்டு 92. மூன்று பவுண்டு வித்தியாசத்துக்காகக் கார்டு வாங்கத் தேவையில்லை. சலுகையை இயந்திரம் தானாகத் தராது. பயணிகள் எண்ணிக்கைக்குக் கீழே அதைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரைத் தட்டிவிட்டு டோவர் போக முடியாது.

அதிவேக ரயில் ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனலில் நிற்கும். அது சாதாரண ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையம் அல்ல. வணிக வளாகத்தைத் தாண்டி நடக்க வேண்டும், அல்லது டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலில் ஏற வேண்டும். டிக்கெட்டில் அதிவேக ரயிலுக்குச் செல்லும் என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். சனிக்கிழமை நல்லது. வார நாளில் காலை நெரிசல் முடியும் வரை ஆஃப்-பீக் டிக்கெட் செல்லாது. ஞாயிறு என்றால் தண்டவாள வேலை என்று பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறை, அந்த வாரக்கடைசியைத் தவிர்த்துவிடுங்கள்.

டோவர் பிரையரி நிலையத்திலிருந்து கோட்டை ஒரு மைல்தான், ஆனால் செங்குத்தான ஏற்றம். அம்மாவை நடக்க விடாதீர்கள். நிலையத்து டாக்சி எடுங்கள், ஆறு பேர் என்பதால் பெரிய வண்டி முன்பதிவு செய்யுங்கள். உள்ளே போனதும் நேரே சுரங்கத்துக்கு. 1940 மே, ஜூனில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து 3,38,000 நேச நாட்டு வீரர்களைக் கப்பலேற்றி மீட்ட டைனமோ நடவடிக்கையை அட்மிரல் ராம்சே இந்தச் சுரங்கத்திலிருந்துதான் நடத்தினார். சுற்றிக் காட்ட ஏறக்குறைய 50 நிமிடம். வந்த வரிசைப்படிதான் விடுவார்கள், மதியத்துக்குப் பிறகு ஆகஸ்டில் கால் கடுக்க நிற்க வேண்டிவரும். இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டிய பெரிய கோபுரம் அடுத்து. அதன் சுவர் சில இடங்களில் 21 அடி கனம். சுழல் படி குறுகல். அம்மா மேலே ஏற வேண்டாம், முற்றத்தில் உட்கார இடமுண்டு.

ரோச்செஸ்டர் எளிது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, சமதளம். கோட்டையைச் சுற்றிய புல்வெளிக்குக் கட்டணமில்லை. 113 அடி உயரக் கோபுரத்துக்குள் போகத்தான் டிக்கெட். உள்ளே கூரையும் தளங்களும் இல்லை, மேலே ஏறும் படி செங்குத்து. சின்னவரைக் கோபுரத்தின் வெளியே நிறுத்தி மூலைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று சதுரம், ஒன்று மட்டும் வட்டம். 1215-இல் ஜான் மன்னர் முற்றுகையிட்டு அந்த மூலைக்கு அடியில் குடைந்தார். மரத்தூண்களால் முட்டுக் கொடுத்தார். 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி, அவற்றின் கொழுப்பில் தூண்களை எரித்தார். மூலை சரிந்தது. பிறகு கட்டியவர்கள் வட்டமாகக் கட்டினார்கள். எதிரிலேயே 604-இல் நிறுவப்பட்ட பேராலயம், நுழைவு இலவசம். அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கட்டும்.

லீட்ஸ் கோட்டைக்கு இன்னொரு முறை தனியாகப் போனால், இறங்கவேண்டிய நிலையம் மெய்ட்ஸ்டோனுக்கு அருகே பேர்ஸ்டெட். ‘லீட்ஸ்’ என்று டிக்கெட் எடுத்தால் வடக்கே யார்க்‌ஷைரில் போய் இறங்குவீர்கள்.