ஒசேத்தியர்களின் வாழ்க்கையையும் சாப்பாட்டையும் பார்க்க எந்த மலையூருக்குப் போகலாம்?

ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியாவுக்குப் போகிறேன், தலைநகரத்தோடு நின்றுவிடாமல் ஏதாவது ஒரு சின்ன மலையூரில் அந்த மக்களின் வழக்கங்களையும் சமையலையும் பார்க்க ஆசை, நான் சைவம், சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபியாக்தோனுக்குப் போங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்.

தலைநகரமான விளாதிகாவ்காஸில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன் நான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் ஒரு காரைப் பிடித்து தார்காவ்ஸுக்குப் போய், மலைச்சரிவில் இருக்கும் அந்தக் கல் சமாதிகளைப் படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் போய் வந்தேன். ஒசேத்தியர்கள் யார், எதை நம்புகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்று எதுவும் தெரியாமலே ஒரு வருடம் ஓடிவிட்டது. இரண்டாம் வருடக் கோடையில் வகுப்புத் தோழன் ஒருவன் தன் தாத்தா பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த வீடு ஃபியாக்தோனில் இருந்தது. அதன்பிறகு படிப்பு முடியும்வரை வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அங்கே போயிருக்கிறேன்.

நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அலாகிர் போகும் சாலையில் மேற்கே போய், ஜுவாரிகாவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் தெற்கே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் சாலையோரம் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தலை குனிந்து நிற்கும் ஒரு தாய், அவளிடமிருந்து கிளம்பிப் பறக்கும் ஏழு பறவைகள். இரண்டாம் உலகப்போரில் கஸ்தானோவ் என்ற ஒரே வீட்டின் ஏழு அண்ணன் தம்பிகளும் இறந்துபோனார்கள். என் தோழன் அங்கே வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் மேலே போனான். நீங்களும் இறங்கிப் பாருங்கள்.

அதற்குமேல் குர்தாத் பள்ளத்தாக்கு. பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வர, கூடவே ஃபியாக்தோன் ஆறு வரும். ஒசேத்திய மொழியில் ‘தோன்’ என்றால் தண்ணீர், ஆறு. ஃபியாக்தோன், அர்தோன், கிசெல்தோன், கெனால்தோன் என்று அங்கே ஓடுவதெல்லாம் தோன்தான். தென்ரஷ்யாவின் பெரிய ‘தோன்’ நதியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். சுற்றியிருக்கும் காக்கேசிய மொழிகளோடு ஒட்டாத ஈரானிய மொழி ஒசேத்தியம். புல்வெளிகளில் குதிரையேறி வாழ்ந்த ஆலன்களின் பேச்சில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தங்கள் நாட்டை அவர்கள் இரிஸ்தோன் என்றுதான் சொல்வார்கள்.

ஊரைப் பார்த்ததும் ஏமாந்துவிடாதீர்கள். சோவியத் காலத்தில் ஈயமும் துத்தநாகமும் தோண்டுவதற்காக வளர்ந்த இடம். சுரங்கம் போய்விட்டது, அன்றைய அடுக்குக் குடியிருப்புகள் நிற்கின்றன. அவற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தால்தான் பழைய ஒசேத்தியா தெரியும். த்ஸிவ்கிஸ் கிராமத்தில் செங்குத்தான பாறையின் குகை வாய்களைக் கல்லால் அடைத்துக் கட்டிய கோட்டை இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் பாறை எது, சுவர் எது என்று பிரித்தறிய நேரமாகும். ஹிதிகூஸில் ஆலனிய மடாலயம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்றாகக் கட்டிய கல் கோபுரங்கள் சரிவெங்கும் பாதி இடிந்து நிற்கும். தார்காவ்ஸுக்கும் இங்கிருந்தே மலைமேல் ஒரு பாதை உண்டு. நகரத்திலிருந்து போவதைவிட இந்தப் பக்கமாக இறங்குவதுதான் அழகு. அதற்கு அடுத்த பள்ளத்தாக்கில்தான் 2002 செப்டம்பர் 20 அன்று கோல்கா பனிப்பாறை உடைந்து இறங்கி, படப்பிடிப்புக்கு வந்திருந்த ரஷ்யத் திரைப்பட நடிகர் செர்கேய் பொத்ரோவின் குழுவையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

இனி சாப்பாடு. நீங்கள் அங்கே போக வேண்டியதே இதற்காகத்தான் என்பேன்.

நம் போளியை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்பில்லாமல், உள்ளே நிறையப் பூரணம் வைத்து, தாம்பாளம் அகலத்துக்கு வட்டமாகச் சுட்டால் அதுதான் ஒசேத்திய அப்பம். சீஸ் மட்டும் வைத்தது உவலிபாஹ். உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்தது கார்தோஃப்ஜின். பீட்ரூட் கீரையும் சீஸும் வைத்தது த்ஸஹராஜின். இறைச்சி வைத்தது ஃபித்ஜின். ‘ஜின்’ என்ற விகுதிக்கு ‘உடையது’ என்று பொருள். உருளைக்கிழங்கு உடையது, இறைச்சி உடையது, அவ்வளவுதான். பரங்கிக்காயிலும் பீன்ஸிலும் முட்டைக்கோஸிலும் கூடச் செய்வார்கள். வசந்தத்தில் மலையில் பறித்த காட்டுப்பூண்டு இலை வைத்துச் செய்வதற்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம்.

தோழனின் பாட்டியை எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடுவோம். அவர் மாவைக் குழவியால் தேய்த்து நான் பார்த்ததில்லை. பூரணத்தை உருண்டையாக நடுவில் வைத்து, மாவின் ஓரங்களை மேலே இழுத்து மூடி, உள்ளங்கையாலேயே மெல்லத் தட்டித் தட்டி அகலமாக்குவார். மேலே நடுவில் விரலால் ஒரு துளை போடுவார், ஆவி போக. அடுப்பிலிருந்து எடுத்ததும் வெண்ணெய் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். மாவு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு கைதேர்ந்தவள் என்பது அங்கே கணக்கு. நானா சுட்ட கீரை அப்பத்தில் கீரையின் பச்சை வெளியே தெரியும்.

முதல் நாள் அப்பம் வந்து அடுக்கியதும் பசியில் நான் கையை நீட்டிவிட்டேன். தோழன் மேசைக்கடியில் என் முழங்காலைத் தொட்டான். தாத்தா எழுந்தார், கூடவே எல்லோரும் எழுந்தோம். அவர் மூன்று அப்பங்களையும் லேசாக நகர்த்தினார், மேலேயிருந்து பார்த்தால் மூன்றும் தெரியும்படி. ஒன்று கடவுளுக்கு, ஒன்று சூரியனுக்கு, ஒன்று பூமிக்கு. கையில் கோப்பையோடு அவர் வேண்டிக்கொள்ள, ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் ‘ஓம்மென்’ என்றார்கள். முதல் வேண்டுதல் பெரிய கடவுளுக்கு. அடுத்தது உவஸ்திர்ஜிக்கு. ஆண்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவலான குதிரைவீரர் அவர். பெண்கள் அவர் பெயரை வாயால் சொல்வதில்லை, ‘ஆண்களின் தெய்வம்’ என்று குறிப்பாகத்தான் சொல்வார்கள். நம் பாட்டிகள் தாத்தா பெயரைச் சொல்லாததைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது விளங்கப் பேச்சே தேவைப்படவில்லை. வேண்டுதல் முடிந்ததும் மேசையில் இருப்பவர்களில் இளையவன் அப்பத்தில் ஒரு வாய் கடித்து, கோப்பையில் ஒரு மிடறு குடிக்க வேண்டும். அன்று தாத்தா அந்தக் கோப்பையை என்னிடம் நீட்டினார். வேற்று நாட்டான், வேற்று மதத்தான் என்று அவர் யோசிக்கவே இல்லை. மேசையில் இளையவன் நான், அவ்வளவுதான்.

கோப்பையில் இருந்தது பகானி என்ற கறுப்பு பீர். முளைகட்டிய பார்லியையும் ஹாப்ஸ் பூவையும் பெரிய செப்புக் கொப்பரையில் வீட்டிலேயே காய்ச்சி எடுப்பது. போதை குறைவு, லேசான இனிப்பு. நார்த் வீரர்களின் பழங்கதைகளில் இதை முதலில் காய்ச்சியவள் ஷதானா என்ற அறிவாளிப் பெண். ஹாப்ஸையும் முளைத் தானியத்தையும் கொத்தித் தின்ற ஒரு சிட்டு மயங்கி விழுந்ததை வைத்துக் கண்டுபிடித்தாளாம். சோளத்தில் வடிக்கும் அராக் என்ற சாராயமும் வைப்பார்கள். குடிக்காதவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டு உதட்டில் மட்டும் தொட்டு வைத்துவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சைவம் என்றால் மேலே சொன்ன அப்பங்களே போதும். கூடவே ‘த்ஸிக்கா’ கேளுங்கள், புதுச் சீஸை உருக்கி மாவோடு கிண்டியது, சூடாகச் சாப்பிட வேண்டும். மிளகாய்ச் செடியின் இலையை ஊறுகாய் போட்டு, புளித்த பாலாடையில் கலந்த ‘சிவ்ஸி த்ஸஹ்தோன்’ இருந்தால் நம் நாக்குக்குச் சொர்க்கம். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அங்கே சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையை விட்டுத்தான் பாரம்பரியமாகச் செய்கிறார்கள். அதுவும் ஆகாது என்றால் உங்கள் பாடு கஷ்டம்.

பணத்தை ரூபிளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டு வீசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ஊரைத் தாண்டி ஜார்ஜிய எல்லைப் பக்கம் மேலே ஏறினால் எல்லைக்காவல் பகுதி வந்துவிடும், வெளிநாட்டவருக்கு முன்னனுமதி வேண்டும். வீட்டுக்காரர்களைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

ஆறாம் வருடம் குளிர்காலத்தில் தாத்தா இறந்துவிட்டார். தோழன் போன் செய்தான், அன்றே கிளம்பினேன். வழியில் கடையில் அப்பம் வாங்கலாம் என்று நினைத்து, துக்க வீட்டில் என்ன முறையோ என்று விட்டுவிட்டேன். நானாவைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேசையில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், அடுக்கில் இரண்டு அப்பங்கள்தான் இருந்தன. சூரியனுடைய அப்பம் இல்லை. இறந்தவருக்கு இனிச் சூரியன் கிடையாது, அதனால் அதை வைப்பதில்லை என்றான் தோழன். கோப்பைகளை யாரும் இடிக்கவில்லை. மூத்தவர் ஒருவர் எழுந்து ‘ரூஹ்ஸாக்’ என்றார், எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். ‘ரூஹ்ஸ்’ என்றால் வெளிச்சம். வெளிச்சத்தில் இரு என்று போனவரை வாழ்த்துகிற சொல். சூரியனை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அதே மேசையில் அவருக்கு வெளிச்சத்தைக் கேட்டார்கள். நானும் எழுந்து நின்று சொன்னேன்.

நீங்கள் போகும்போது விளாதிகாவ்காஸிலேயே கடையில் சூடாக அப்பம் வாங்கிக்கொண்டு போகலாம், தங்குகிற வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மறக்காமல் மூன்றாக வாங்குங்கள். ஆளுக்கொன்று போதுமே என்று இரண்டு வாங்கிவிடாதீர்கள்.