கிழவரின் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த, ஆங்கிலேய இசையமைப்பாளர் கேவின் பிரையர்ஸின் ‘ஜீசஸ் ப்ளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட்’ (இயேசுவின் இரத்தம் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை) கேட்டேன். வீடற்ற ஒரு கிழவர் பாடிய, அரை நிமிடம்கூட நீளாத துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பத்து நிமிடத்துக்குமேல் தள்ளித் தள்ளித்தான் கேட்க முடிந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷிடம் இதே உத்தி கட்டுமானமாக இருக்கிறது. இவர் அதைக்கொண்டு அழவைக்கப் பார்க்கிறார். நம் நாமஜெபம் போன்றதுதானா இது? இந்த இசையை ரசிக்க நொட்டேஷன் (இசைக்குறிப்பு) தெரிய வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நொட்டேஷன் வேண்டாம். நாமஜெபத்தையும் விட்டுவிடுங்கள், ஜெபிப்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிறார், இங்கே மூச்சு வாங்கும் இடம்கூட மாறுவதில்லை. ஆனால் தள்ளித் தள்ளிக் கேட்டேன் என்று எழுதிய கையோடு தீர்ப்பும் எழுதுகிறீர்களே, அது எனக்குக் கோபமூட்டுகிறது. காத்திருப்பதையே கேட்கச் சொல்லும் ஓர் ஆக்கத்தில் காத்திருக்க மறுத்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அழவைக்கிறார் என்கிறீர்கள். 1971இல் லண்டனில் வீடற்றவர்களைப் பற்றிய ஒரு படத்துக்காகப் பதிவுசெய்து, பயன்படாமல் மிஞ்சிய நாடாக்களில் ஒன்றில்தான் பிரையர்ஸ் இந்தக் குரலைக் கண்டெடுத்தார். பாட்டின் முதல் 13 பார்களை (தாள அளவுகளை) சுழலவிட்டு, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அதைப் பிரதியெடுக்க வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். கதவு திறந்திருந்தது. திரும்பி வந்தபோது பக்கத்து ஓவியக்கூடத்தில் எல்லோரும் நடமாட்டம் தளர்ந்து அமைதியாகியிருந்தார்கள். சிலர் தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது அந்த நாடாவில் அவர் ஒரு ஸ்வரம்கூடச் சேர்த்திருக்கவில்லை. அவர் பிறகு செய்ததெல்லாம், அந்தக் குரலுக்குத் துணையாக வாத்தியங்களை மெல்ல வரவிட்டதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது என் அப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் ‘வந்துட்டியா’ என்ற ஒரே சொல்தான் எஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் வலித்தாலும், அதே இழுவையில் அதே சொல். நான் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டி வேறு சொற்களைப் பழக்க முயன்றேன், ஒருநாள் கத்தியும்விட்டேன். அம்மா திருத்தவே இல்லை. காலையில் “வந்துட்டேங்க” என்பாள். மதியம் பேசாமல் கடைவாயைத் துடைத்துவிடுவாள். இரவில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையைச் சற்று நேரம் அங்கேயே வைத்திருப்பாள். அந்த ஏழு மாதமும் அவர் சொல் மாறவில்லை, அவள் பதில் மாறிக்கொண்டே இருந்தது.

பிரையர்ஸின் தந்தி வாத்தியங்கள் செய்வதும் இதைத்தான். 1975இல் வெளியான பதிவு ஏறத்தாழ 25 நிமிடம். 1993இல் அதை 74 நிமிடமாக விரித்தார். முதலில் நால்வர் தந்திக்குழு, பிறகு தாழ்ந்த தந்திகள், பிறகு தந்திகளே இல்லாத ஒரு பகுதி, அதன்பின் முழுத் தந்திகள். எதையும் அறியாமல் கிழவர் அதே இடத்தில் நின்று பாடுகிறார். இந்த ஆக்கத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் இறந்துபோனார்.

1993 பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளாமல் கேளுங்கள். கடைசிப் பகுதியில் கிழவர் இல்லை. அதற்குமுன் அவரோடு சேர்ந்து பாடிய அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸ், உச்சத் தந்திகள் மட்டும் துணையிருக்க, அதே வரியைப் பாடுகிறார். அப்பா போன மறுமாதம் ஒரு விடியற்காலையில், காலியான கட்டிலின் விரிப்பைச் சரிசெய்துகொண்டே அம்மா “வந்துட்டேங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது.