உக்கிரமும் குளிர்ச்சியும்: அம்மன் வழிபாடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி (அம்மாபேட்டை): ஐயா, நம் சேலம் கோட்டை மாரியம்மனைக் கோபக்காரத் தெய்வம் என்கிறோம். ஆனால் ஆடியில் கூழும் மோரும் இளநீரும்தானே படைக்கிறோம்?

பதில்: கோபம் என்று நாம் சொல்வதை வழிபாடு வெப்பம் என்றே எடுத்துக்கொள்கிறது. அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிக்க மாட்டார்கள், அரிக்கும் முத்துகளை நகத்தால் சொறியவிடாமல் வேப்பங்கொத்தால் வருடிக் கொடுப்பார்கள். நோயென்று சொல்லாமல் 'தாய் வந்திருக்கிறாள்' என்பார்கள். சன்னதியில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதே உபசாரம்தான். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகும் கூட்டம் குறையவில்லை. மாரி என்றால் மழை என்பதையும், ஆடிப்பட்டம் விதைப்பவர்களுக்கு அவள் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக என்பதையும் மறந்துவிட்டுப் பேசினால் இது வியப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி (குகை): கோயில் முன் நடும் கம்பம் எதைக் குறிக்கிறது?

பதில்: மூன்று கிளைகளாகப் பிரியும் அந்த மரத்தை அம்மனின் கணவராகவே நம் கொங்குப் பக்கத்தில் கருதுகிறார்கள். பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றுவது அதற்காகத்தான். விழா முடிந்ததும் கம்பம் பிடுங்கப்பட்டு நீரில் விடப்படுகிறது. ஈரோட்டில் அது காவிரிக்குப் போகிறது. சில நாள்களுக்கு மட்டும் மணக்கோலம் பூண்டு, பிறகு மீண்டும் தனித்து நிற்கும் தெய்வம் இவள். எனக்கு இவ்விழாவில் மிகவும் நெகிழ்ச்சியான இடம் கம்பம் பிடுங்கும் வேளைதான்.

கேள்வி (ஏற்காடு): சிவனை மிதித்துவிட்ட வெட்கத்தில்தான் காளி நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது உண்மையா?

பதில்: அது வங்காளத்தில் வழங்கும் விளக்கம். மார்க்கண்டேய புராணத்தில் அடங்கிய தேவி மகாத்மியம் சொல்வது வேறு. இரத்தபீசன் சிந்தும் ஒவ்வொரு துளியிலிருந்தும் புதிய அசுரன் எழுவதால், துளி மண்ணில் விழுமுன் காளி வாய் திறந்து பருகிவிடுகிறாள். நம் ஊர்ப் பத்திரகாளி சிலைகளில் தொங்கும் நாக்கைவிடத் தீச்சுடர்போல் விரிந்த கூந்தலும் கோரைப் பற்களுமே உக்கிரத்தைக் காட்டுகின்றன. காலண்டர் படத்தை வைத்துக்கொண்டு கற்சிலையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

கேள்வி (பொன்னம்மாபேட்டை): எலுமிச்சம்பழம் பலிக்கு மாற்றா?

பதில்: மாலையாகச் சாத்தும் பழம் குளிர்ச்சிக்கானது, அறுத்துக் குங்குமம் தடவும் பழமே பலிக்கு மாற்று. ஆயுத பூசையன்று லாரிக்கு முன் உடைக்கும் பூசணிக்காயின் உள்ளே குங்குமம் வைப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்த தமிழகத்தின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. ஆகவே கிடாய் வெட்டும் கோயில்களும் பூசணிக்காயோடு நிறுத்திக்கொள்ளும் கோயில்களும் இன்று அருகருகே இருக்கின்றன.