சாப்பாட்டுக்குப் பதில் ஷேக்: வாங்கலாமா?

பொங்கல் முடிந்ததும் எடை குறைப்புக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல், சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாலிலோ தண்ணீரிலோ கலந்து குடிக்கும் ஷேக் பொடி பற்றித்தான். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஷேக் குடித்தால் உண்மையிலேயே எடை குறையுமா? ஜிம்மில் வாங்கச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் சுத்த ஏமாற்று வேலை என்கிறார்.
(வாசகி, திருப்பூர்)

குறையும். பொடி என்றாலே ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டை முழுவதும் நிறுத்தி, ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் ஷேக்கும் சூப்பும் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் வரை கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சராசரியாக 10 கிலோ குறைந்திருந்தது. 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே ரத்தச் சர்க்கரை, நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம் ஆனது. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில், எட்டு வாரம் இப்படி இருந்தவர்களுக்கு ஓராண்டில் 10.7 கிலோ குறைந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்தது 3.1 கிலோ.

ஆனால் அங்கே யாரும் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. தொடர்ந்து பார்த்துப் பேச ஆள் இருந்தது. ஷேக்கை நிறுத்தியபின் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரவும் சொல்லிக்கொடுத்தார்கள். எடை திரும்பாமல் நின்றதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பொடிக்குள் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் இல்லை. அது அளந்து வைத்த ஒருவேளை உணவு, அவ்வளவுதான். “இன்னொரு தோசை போடட்டுமா?” என்று யாரும் கேட்க முடியாத உணவு. நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கு தட்டில் தெரிவதில்லை, டம்ளரில் தெரிந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்காக வாங்கினால் பயன் உண்டு. ஜிம்மில் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் ஷேக் குடித்துவிட்டு, வழக்கம்போல நாலு இட்லியும் சாப்பிடுகிறேன். மூன்று மாதத்தில் 2 கிலோ கூடிவிட்டது. கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
(வாசகர், மதுரை)

முடியாது. சாப்பாட்டுக்குப் ‘பதில்’ என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

கேள்வி: ஏழு நாளில் 3 கிலோ குறைந்தது. நிறுத்திய நாலாம் நாளே 2 கிலோ திரும்ப வந்துவிட்டது. பொடி போலியா?
(வாசகர், ஓசூர்)

போலி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சாப்பாடு திடீரென்று குறைந்தால், கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை உடல் முதலில் எடுத்துச் செலவழிக்கும். அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். சோறு உள்ளே வந்ததும் இரண்டும் திரும்பி வரும். ‘ஏழே நாளில்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எட்டாம் நாள் அவர்கள் கணக்கில் இல்லை.

கேள்வி: டப்பாவின் முன்பக்கத்தில் ‘17 கிராம் புரதம்’ என்று பெரிதாக இருக்கிறது. பின்னால் அட்டவணையில் 9 கிராம் என்று இருக்கிறது. எது உண்மை?
(வாசகி, தஞ்சாவூர்)

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். இரண்டுமே உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரமே.

இதே மாதிரி ஒரு டப்பாவை நானும் வாங்கினேன். 500 கிராம், 1,900 ரூபாய். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், ‘17 கிராம்’ என்பதன் தலையில் கடுகு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதன் விளக்கம் டப்பாவின் அடிப்பக்கம், மடிப்புக்குக் கீழே: ‘250 மி.லி. பாலில் கலந்தால்’. பொடி தருவது 9 கிராம். மீதி 8 கிராம் என் வீட்டு ஆவின் பால் தருவது. அந்தப் பாலுக்குக் காசு கொடுத்தது நான். அதன் புரதத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது டப்பா.

கலோரியில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘ஒருவேளைக்கு 95 கலோரி மட்டுமே’ என்று விற்கும்போது பாலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால் லிட்டர் நீல பாக்கெட் பாலிலேயே சுமார் 150 கலோரி இருக்கிறது. புரதத்துக்கு மட்டும் பால் வேண்டும், கலோரிக்கு வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

தண்ணீரில் கலந்து 95 கலோரியாகவே குடித்தால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்தேன். பதினொரு மணிக்கெல்லாம் கை நடுங்குகிற அளவுக்குப் பசி. அது ஒருவேளை உணவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் எடைக் கட்டுப்பாட்டுக்கான ‘உணவுக்கு மாற்று’ என்று சொல்லி விற்க வேண்டுமானால், ஒருவேளை அளவில் 200 முதல் 250 கலோரி இருக்க வேண்டும். அந்தக் கலோரியில் கால் பங்காவது, அதிகபட்சம் பாதி, புரதத்திலிருந்து வர வேண்டும். கொழுப்பிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் வரக்கூடாது. விட்டமின், தாது உப்புகளுக்கும் தனி அளவு உண்டு. நீங்கள் எந்தக் கடையில் நின்றாலும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். இதில் தேறாதது சுவையூட்டிய பால் பொடி.

அப்புறம் ‘ஒருவேளை’ என்பது எத்தனை கிராம் என்று பாருங்கள். என் டப்பாவில் 25 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு ஸ்கூப். 500 கிராமில் 20 வேளை வரும். ஒருவேளைக்கு 95 ரூபாய், பால் தனி. தினமும் இரண்டு வேளை குடித்தால் பத்து நாளில் டப்பா காலி, மாதத்துக்கு 5,700 ரூபாய். அந்த 9 கிராம் புரதம் ஒன்றரை முட்டையில் இருக்கிறது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உட்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவிலிருந்து எடுக்கும் பொடி), ஃப்ரக்டோஸ் (பழச்சர்க்கரை), சர்க்கரை என்று பட்டியல் தொடங்கினால் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது. அப்படியானால் எடை குறையும் என்று அரசு ஒப்புக்கொண்டது போலத்தானே?
(வாசகர், சேலம்)

இல்லை. அந்த 14 இலக்க எண், எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவு தயாரிக்கக் கொடுத்த உரிமத்தின் எண். மிக்சர் பாக்கெட்டிலும் இருக்கும். ஹெல்த் சப்ளிமென்ட் வகைப் பொருள் என்றால், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வரியும் லேபிளில் இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். எண் இருப்பதால் உள்ளே இருப்பதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கொச்சி மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். பத்தில் ஏழு பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு வாரமாக இரவில் ஷேக் மட்டும் குடிக்கிறார். நேற்று விடியற்காலை வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. வேறு நல்ல பிராண்ட் சொல்லுங்கள்.
(வாசகி, காரைக்குடி)

பிராண்ட் பிரச்சினை இல்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கியதுபோல இருக்கிறது. பேச்சுக் குழறலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையையும் டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாடு பாதியாகக் குறைந்தால் மாத்திரையின் அளவும் மாற வேண்டும். முதல் பதிலில் சொன்ன டைரக்ட் ஆய்வில், ஷேக் தொடங்கிய நாளிலேயே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டு தெரியாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கும் இதையேதான் சொல்வேன்: மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 60 சதவீதத் தள்ளுபடியில் மூன்று டப்பா வாங்கினேன். பிரித்தால் பொடி கட்டி கட்டியாக இருக்கிறது. காலாவதிக்கு இன்னும் 20 நாள்தான். பில்லை டெலீட் செய்துவிட்டேன், பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.
(வாசகர், கோயம்புத்தூர்)

ஆர்டர் விவரம் அந்த ஆப்பிலேயே இருக்கும், எடுங்கள். லாட் எண்ணும் தேதியும் தெரியும்படி டப்பாவைப் படம் பிடித்து, இன்றே புகார் போடுங்கள். மூன்று டப்பாவை இருபது நாளில் யார் குடித்து முடிப்பது? இவ்வளவு பெரிய தள்ளுபடி என்றாலே முதலில் தேதியைக் கேட்க வேண்டும். நானும் ஒருமுறை ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று சத்துபானப் பொடி வாங்கி, இரண்டாவது டப்பாவைப் பிரிக்காமலே கொட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து காலாவதித் தேதியின் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் கட்டுவதில்லை. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோவும் எடுத்துவிடுகிறேன்.

கேள்வி: இவ்வளவு செலவு எதற்கு? சத்துமாவுக் கஞ்சி குடித்தால் அதே பலன் கிடைக்காதா?
(வாசகி, திண்டுக்கல்)

கஞ்சி நல்ல உணவு. ஆனால் வீட்டுச் சத்துமாவில் பெரும்பகுதி தானியம், அதாவது மாவுச்சத்து. அதில் வெல்லமும் போட்டால் எடை குறைய வழியில்லை. பசி தாங்குவதற்குப் புரதம் வேண்டும். அவித்த முட்டை இரண்டு, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் மோர். இதை அளவோடு வைத்துக்கொண்டால் காலை வேளைக்குப் போதும், 95 ரூபாயும் ஆகாது. தினமும் அளந்து சமைக்க நேரமே இல்லை, வேலைக்கு ஓட வேண்டும் என்பவர்களுக்குத்தான் டப்பா.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ‘நியூட்ரிஷன் கிளப்’ நடக்கிறது. எடை பார்க்கப் போனேன். மூன்று பேரைச் சேர்த்தால் என் டப்பா இலவசம் என்றார்கள். பிறகு ‘கோச்’ ஆகலாம் என்று 3,000 ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்கி, 38,000 ரூபாய்க்குச் சரக்கையும் எடுக்க வைத்தார்கள். தையலில் சேர்த்த பணம். இரண்டு டப்பாதான் விற்றது. என்னைச் சேர்த்துவிட்டவர் இப்போது போனை எடுப்பதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை அக்கா.
(வாசகி, ஈரோடு)

முதலில் வீட்டில் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது இல்லை. தெரிந்த முகம், தெரிந்த தெரு, கையில் ஒரு எடை மெஷின். இதை நம்பியதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. நேரடி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. சேருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆள் சேர்த்தால் வாங்கிய விலை குறையும் அல்லது திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டி விற்கக்கூடாது என்றும் இருக்கிறது. ‘மூன்று பேரைச் சேர்த்தால் இலவசம்’ என்பது அதே பேச்சுதான். போனை எடுக்காதவரோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். தன் விற்பனையாளர்கள் செய்வதற்குக் கம்பெனியும் பொறுப்பு. குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் கம்பெனி இணையதளத்தில் இருக்க வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மீதி டப்பாக்களைப் பிரிக்காதீர்கள், பாதி விலைக்கும் தள்ளிவிடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ‘மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்’ என்று அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எல்லாவற்றையும் வேறொரு போனிலும் நகல் எடுத்து வையுங்கள். அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்து, அந்தப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். ‘வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று அவர்கள் வாதாடுவார்கள். அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கிப் பயன்படுத்தியது வணிக நோக்கம் ஆகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது.

உங்களோடு சேர்ந்த மற்ற பெண்களையும் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் ஒரே மாதிரி எழுதினால் கம்பெனி வேகமாகப் பேச வரும். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேதி, தொகை, யார் என்ன சொன்னார் என்ற மூன்றை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். மீதியை நான் எழுதித் தருகிறேன்.