தொட்டிக்கும் குடத்துக்கும் நடுவே: குடிநீர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய பேரூராட்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். முதலில் வரும் ஓரிரு குடம் கலங்கலாகவும் சாக்கடை வாடையோடும் இருக்கும், பிறகு தெளிந்துவிடும். மேலே ஏறி வராததால் தெருவில் எல்லோரும் வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயை அதற்குள் இறக்கியிருக்கிறோம். சில வீடுகளில் மோட்டார் வைத்தும் இழுக்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால், 'தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தவறாமல் போடுகிறோம், தண்ணீரில் குறையில்லை' என்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அடிக்கடி வயிற்றுப்போக்கு. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?
– ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: இப்போதைய நிலையில், கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். வாடையடிக்கும் முதல் குடங்களைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம். பாத்திரம் கழுவவும் பயன்படுத்தாமல் கழிப்பறைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அலுவலகத்தில் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேல்நிலைத் தொட்டியில் இருக்கும்போது நன்றாக இருந்த தண்ணீர், உங்கள் வாசலுக்கு வருவதற்குள் கெட்டுப்போக முடியும். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை விரிசல் வழியாக அது வெளியே கசியுமே தவிர, வெளியில் இருப்பது உள்ளே வராது. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் தாழ்வான இடத்தை நோக்கி வடிய, மேட்டுப் பகுதியில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, இற்றுப்போன இணைப்புகள் வழியாகச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நம் தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் பெரும்பாலும் சாக்கடைக் கால்வாயின் ஊடாகவோ அடியிலோதான் வருகிறது என்பதால், அந்த ஈரம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது, இடைப்பட்ட இரண்டு நாளில் உள்ளே புகுந்தது முதல் குடத்தில் வந்து விழுகிறது. பிறகு தெளிவது அது கழுவிப் போய்விட்டதால்தான். ஆனால், கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று பொருளாகாது.

மோட்டார் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு வீட்டில் மோட்டார் இழுக்கும்போது, தண்ணீர் திறந்துவிட்ட நேரத்திலேயே பக்கத்து வீட்டுக் குழாயில் அழுத்தம் விழுந்து, வால்வை மூடிய பிறகு நடக்க வேண்டியது அப்போதே நடக்கிறது. பள்ளத்துக் குழாய்க்கு ஓர் ஆபத்து கூடுதல். பள்ளத்தில் மழைத் தண்ணீரும் கை கால் கழுவிய தண்ணீரும் தேங்கி, திருகு போன குழாயின் வாய் அதில் மூழ்கியிருந்தால், தண்ணீர் நின்றதும் அந்த அழுக்கு நேராகவே உள்ளே போய்விடும். பள்ளத்தில் ஹோஸை அப்படியே போட்டு வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நல்ல திருகு போட்டு, தண்ணீர் பிடித்து முடித்ததும் இறுக மூடுங்கள், பள்ளத்தில் தண்ணீர் நிற்காமல் பாருங்கள். பள்ளத்தையே தூர்த்துவிடுங்கள் என்று உங்களிடம் மட்டும் சொல்வது நியாயமாகாது. ஒருவர் இரண்டடி தோண்டினால் அடுத்தவர் மூன்றடி தோண்ட வேண்டியிருக்கும் தெருவில், மோட்டார்கள் அகற்றப்படாமல் உங்கள் குழாய் மட்டும் மேலே ஏறினால் உங்களுக்குத் தண்ணீரே வராது.

இனி, குறை எங்கே என்று கண்டுபிடிப்பது. தொட்டியில் எவ்வளவு குளோரின் போட்டார்கள் என்பதைவிட, குழாய்முனையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 விதிப்படி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊர்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகிறது. ஆனால், வாய் கட்டாத மூட்டையில் ஈரம் படிந்து கிடக்கும் பவுடரில் குளோரின் பெரும்பகுதி பறந்து போயிருக்கும். அதை எத்தனை கிராம் போட்டாலும் கணக்கு சரியாக வராது. பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

சோதனை எளிது. சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும் சிறு பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழலும் சொட்டு மருந்தும் இருக்கும். குழாய்த் தண்ணீரில் மருந்தை விட்டதும் மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. நிறமே மாறாவிட்டால் இல்லை. மஞ்சளின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார். இந்தச் சோதனையைத் தண்ணீர் விடும் நேரத்தில் மூன்று இடத்தில் செய்யச் சொல்லுங்கள்: தொட்டியடிக் குழாய், தெருவின் நடுவீடு, கடைசி வீடு. தொட்டியடியிலேயே இல்லையென்றால் பவுடரில் குறை. அங்கே இருந்து கடைசி வீட்டில் இல்லையென்றால், வழியில் அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம். எந்த இரு வீடுகளுக்கு நடுவே மறைகிறதோ அங்கே தோண்டிப் பார்க்க வேண்டும். தெரு முழுவதையும் கிளறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கிருமிச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம். வீட்டிலுள்ள பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, மூடியின் உட்புறத்தில் கை படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். நூறு மில்லி லிட்டர் தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால், மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள்.

செயல் அலுவலருக்கு மனு எழுதும்போது 'தண்ணீர் சரியில்லை' என்று மட்டும் எழுதினால், 'குளோரின் போடப்படுகிறது' என்ற பதிலோடு மனு முடிந்துவிடும். கடைசி வீட்டில் குளோரின் அளவு என்ன, தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி எது, சாக்கடைக்குள் ஓடும் இணைப்புகளை எப்போது மாற்றுவார்கள், மோட்டார்களை எப்போது அகற்றுவார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பல வீட்டார் கையெழுத்திட்டால் நல்லது. மோட்டார் வைத்திருப்பவர்கள் கையெழுத்திட மாட்டார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பினால், வயிற்றுப்போக்கு நோய்க் கணக்கோடு சேர்த்துப் பார்க்கப்படும்.

அதுவரை, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு மேலும் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்திலேயே மூடி ஆற வையுங்கள்.

கேள்வி: ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்து, இரண்டு கம்பிகள் உள்ள கருவியை எங்கள் குழாய்த் தண்ணீரில் வைத்தார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகத் திரண்டுவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆர்.ஓ. வாங்கிவிடலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நிம்மதியாகச் சாப்பிடுங்கள். நீங்கள் பார்த்த கசடு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும்போது அந்த இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் ஓடுவதில்லை, கம்பியும் கரைவதில்லை. அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும், அவரும் கிளம்பிவிடுவார்.

ஆர்.ஓ. தேவையா என்பது கரைந்துள்ள உப்பின் அளவைப் பொறுத்தது. டி.டி.எஸ். எனப்படும் அந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000வரை அனுமதிக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர்வரை வெளியே தள்ளுவது சாதாரணம் என்பது அதற்கு முக்கியமான காரணம். டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் நல்ல எண்ணைக் காட்டக்கூடும். உங்கள் கவலை கிருமி என்றால் கொதிக்க வைப்பதோ புற ஊதாக் கதிர்க் கருவியோ போதும். ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45 மில்லிகிராமையோ தாண்டினால் கதையே வேறு. அவற்றைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது, அங்கே ஆர்.ஓ.வுக்கு வேலை உண்டு. ஆகவே முதலில் ஆய்வகம், பிறகு கடை.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துவிடுகிறது, சோறு மஞ்சளாகிறது. பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது.
– வாசகி, பண்ருட்டி அருகில்

பதில்: இரும்புச்சத்து. நிலத்தடியில் காற்றுப் படாதவரை அது கரைந்தே இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகப் படியத் தொடங்கும். டீத்தூளில் உள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுக்கும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும். ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு உயரத்திலிருந்து பலமுறை ஊற்றி, இரவு முழுவதும் அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு குறைவாக இருந்தால் இதுவே போதும், அதிகம் இருந்தால் மணல் வடிகட்டி வைக்க வேண்டிவரும். தேற்றான்கொட்டை இழைத்துப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது கலங்கலைத் தெளிய வைக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. போர் தண்ணீர் வரவர உப்புக் கரிக்கிறது. கொதிக்க வைத்தால் உப்பு குறையுமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: குறையாது, ஆவியாகிப் போகும் தண்ணீரின் அளவுக்கு இன்னும் கூடும். நன்னீரை அதிகமாக இறைக்கும் இடத்தில் கடல்நீர் அடியில் உள்ளே நகரும். போரை மேலும் ஆழப்படுத்துவது பல சமயம் உப்பை நோக்கியே இறங்குவதாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரையோ, முதல் மழையை ஒதுக்கிவிட்டுப் பிடித்து மூடி வைத்த மாடி மழைநீரையோ கொதிக்க வைத்துப் பயன்படுத்தி, போர் தண்ணீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை தாங்க முடியவில்லை. குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: கொடுக்கலாம். வெள்ளக் காலத்தில் அந்த வாடை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தொற்றுக்கு வாய்ப்புள்ள நாட்களில் எஞ்சும் குளோரின் 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதால் அளவைக் கூட்டுவார்கள்; லிட்டருக்கு 5 மில்லிகிராம்வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாடை போய்விடும். வாடையோடு பாதுகாப்பும் போய்விடுவதால், அந்தத் தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். டம்ளரை உள்ளே முக்காமல், நீளக் காம்புள்ள கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.