தேங்காயெண்ணெய், நெய் இதயத்துக்குக் கெடுதலா, இல்லை ரீஃபைண்டு எண்ணெய்தான் விஷமா?

இதே கேள்வி எங்கள் வீட்டில், அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த வாரம் எழுந்தது. பார்க்க வந்த சித்தப்பா, "அண்ணி, இனிமே நெய்யை அண்ணன் கண்ணுலயே காட்டாதீங்க" என்றார். மறுநாள் வந்த அத்தை, "இந்தப் பாக்கெட் எண்ணெயாலதான் எல்லாம் வந்தது, தூக்கிப் போடுங்க" என்றார். இரண்டு பேருமே அப்பா மேல் உயிரை வைத்திருப்பவர்கள். அம்மா கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

ஓர் எண்ணெய் நல்லதா என்பது, அது எதன் இடத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. நிறைவுற்ற (சாச்சுரேட்டட்) கொழுப்பு நிறைந்த நெய்யையும் வெண்ணெயையும் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெள்ளை மாவாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் இதயத்துக்குப் பெரிய லாபம் ஒன்றுமில்லை. அதே இடத்துக்கு நிறைவுறாக் கொழுப்பு நிறைந்த நல்லெண்ணெய், கடலையெண்ணெய், சூரியகாந்தி, ஆலிவ் போன்றவை வந்தால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது. ஆய்வுகள் மாற்றி மாற்றிப் பேசுவதுபோல் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை என்றதும் வெண்ணெய்க்கு விடுதலை கிடைத்ததுபோல் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்தக் கொழுப்பைக் குறைத்தவர்கள் பதிலுக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் பிரித்துப் பார்க்கவில்லை. 2017இல் அமெரிக்க இதயச் சங்கம் அப்படிப் பிரித்துப் பார்த்தது. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகப் பல்நிறைவுறாக் கொழுப்பு (நிறைவுறாக் கொழுப்பில் ஒரு வகை) உள்ள எண்ணெய் கொடுத்த சோதனைகளில் இதய நோய் சுமார் 30% குறைந்திருந்தது.

எதிர்த்தரப்பு கையில் வைத்திருக்கும் வலுவான ஆதாரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1968 முதல் 1973 வரை அமெரிக்காவின் மினசோட்டாவில் 9,000 பேருக்கும் மேல் சேர்த்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சோள எண்ணெய். அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியது, இறப்பு மட்டும் குறையவில்லை. அதில் வெளியிடப்படாமல் கிடந்த தரவுகள் 2016இல்தான் வெளியே வந்தன. இதைப் படித்தபோது நானே ஆடிப்போனேன். ஆனால் அவர்களில் ஓராண்டுக்கு மேல் அந்த உணவில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். பல பத்தாண்டுகளாகச் சேரும் அடைப்பை அளக்க அந்தக் காலம் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

தேங்காயெண்ணெயில் 80 முதல் 90% வரை நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில்கூட அவ்வளவு இல்லை, ஏறக்குறைய 60%தான். தேங்காயெண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் எல்டிஎல்லையும் ஏற்றும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் ஏற்றும். நல்லதும் ஏறுகிறதே என்பார்கள். எச்டிஎல்லை ஏற்றுவதற்கென்றே வந்த மருந்துகளில் பல, மாரடைப்பைக் குறைக்காமல் தோற்றுப்போயின. அப்புறம், உடல் எடை குறையும் என்ற பேச்சு எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய்ச் சோதனைகளிலிருந்து வந்தது. அது பெரும்பாலும் 8, 10 கார்பன் நீளமுள்ள அமிலங்களால் ஆனது. தேங்காயெண்ணெயில் அவை சுமார் 15%தான். மணத்துக்கு ஒரு ஸ்பூன் ஊற்றுவதில் தவறில்லை. மருந்து என்று நினைத்துத் தினமும் குடிக்காதீர்கள்.

அத்தை சொன்னது? சூரியகாந்தி போன்றவற்றில் இருக்கும் ஒமேகா-6 என்ற பல்நிறைவுறாக் கொழுப்பு உடம்பில் அழற்சியை உண்டாக்கும் என்பது காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் அப்படி ஏறவில்லை. செக்கு எண்ணெயில் மணமும் வைட்டமின் ஈ போன்றவையும் கூடுதலாகத் தங்கும், உண்மை. ஆனால் ஒரே வித்திலிருந்து செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்துச் சுத்திகரித்தாலும் நிறைவுற்றது எவ்வளவு, நிறைவுறாதது எவ்வளவு என்ற கணக்கு ஏறக்குறைய அதேதான்.

சண்டையே இல்லாத ஒன்று, எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும் என்று 1990இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். டென்மார்க் 2003இல் அதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. பாக்கெட்டில் "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட" என்று இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் உண்மையான தப்பு நடந்தது வேறு இடத்தில். பொரித்து மிஞ்சிய எண்ணெயை அம்மா ஒரு பாத்திரத்தில் எடுத்து வைப்பார். மறுநாள் அதிலேயே பொரிப்பார், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணெய் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பொங்கிய நுரை அடங்கவே இல்லை. பாத்திரத்தின் விளிம்பில் மஞ்சளாக ஒரு பிசுக்கு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. எண்ணெய் மூலக்கூறுகள் சூட்டில் காற்றோடு சேர்ந்து சிதைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதுதான் அந்தப் பிசுக்கு. இப்படிச் சிதைந்தவற்றின் அளவு 25% வாக்கில் போனால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. பல்நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் சீக்கிரம் கெடும். தாளிக்க, வதக்க நல்லதாக இருக்கும் சூரியகாந்தி எண்ணெய், மூன்று நாள் பொரிக்க உகந்ததல்ல.

அளவையும் பார்த்தோம். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120. பாட்டிலைத் திறக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். ஒரு மாதம் வரும் என்று அம்மா சொன்ன லிட்டர் பாட்டில் பதினோராம் நாள் காலி.

இப்போது அடுப்படியில் கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கின்றன. பொரிப்பது எப்போதாவதுதான், கொஞ்சமாக ஊற்றி. அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டுதான் மாற்றினோம், நீங்களும் சிகிச்சையில் இருந்தால் கேட்டுவிடுங்கள். நெய் டப்பாவை ஒளித்து வைக்கவில்லை. அப்பா ஆசைப்பட்டுக் கேட்கும் நாளில் அம்மா ஒரு ஸ்பூன் விடுகிறார், அன்று சமையலில் ஒரு ஸ்பூன் எண்ணெயைக் குறைத்துவிட்டு.