மாடியில் தொடங்கிய சபையின் வரலாறு

அன்புள்ள ஐயா,

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் மெனோனைட் சபை ஒரு வீட்டு மாடியில் தொடங்கியது. வளர்ந்த பிறகே ஞானஸ்நானம், வாள் எடுப்பதில்லை என்று நிற்கும் கிறிஸ்தவப் பிரிவு எங்களுடையது. வந்தவர்களில் பலர் சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்கக் குடும்பத்தார். தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. ஆண்டுவிழா மலருக்குச் சபை வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்களுக்குப் பழைய கட்டடம் இல்லை, மிஷனரி கதை இல்லை. அதனால் இயக்கம் பிறந்த சூரிச், அதற்குப் பெயர் தந்த மெனோ சைமன்ஸ், விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகள் என்று பத்துப் பக்கம் எழுதினேன். எங்களைப் பற்றி ஒரு பக்கம்தான் தேறியது. "நீங்க யார் வழி?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில் என்கிறார் போதகர். பிரதியை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பத்தில் ஒன்பது பக்கத்தை எடுத்துவிடலாம். மிஞ்சுவதிலும் இரண்டு திருத்தங்கள். இரத்தசாட்சிகளில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது கத்தோலிக்கர்கள் அல்ல, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட சூரிச் நகர ஆட்சி. மெனோ சைமன்ஸ் இயக்கத்தைத் தொடங்கியவரும் அல்ல. அவர் குருப்பட்டத்தை விட்டு வெளியே வந்ததே 1536இல்தான். சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்துக் கட்டியதால் அவர் பெயர் நிலைத்தது.

சூரிச்சில் 1525 ஜனவரி 21 இரவு மட்டும் இருக்கட்டும். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சிலர் கூடி, வளர்ந்தவர்களாக மறுபடி பெற்றுக்கொண்ட இரவு. ஏனென்றால் அதே வழக்குதான் உங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது. பெற்றவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்த பிள்ளை முப்பது வயதில் "அது செல்லாது" என்று சொன்னபோது வீட்டில் என்ன நடந்தது? அப்பா எத்தனை நாள் பேசாமல் இருந்தார்? கல்யாணத்துக்குப் பழைய சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தார்களா? சாவு விழுந்தபோது குடும்பக் கல்லறையில் இடம் கிடைத்ததா? இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டால் பத்துப் பக்கம் போதாது.

இன்னொன்று. நம் பக்கத்தில் "முழுக்கு எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம் அது. மெனோனைட்டுகளிலோ பலர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். 1860இல் ருஷ்யாவில் தனியாகப் பிரிந்த மெனோனைட் பிரதரன் பிரிவினர் முழுக்குக்காரர்கள். நீங்கள் எதைச் செய்தீர்கள், யார் முடிவெடுத்தார்கள், காசிமேட்டுக் கடலா, மாடித் தொட்டியா? உங்கள் பிரதியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம்.

மிஷனரி கதை வேண்டுமென்றால் இந்தியாவிலேயே இருக்கிறது. ருஷ்ய மெனோனைட் ஆபிரகாம் ஃபிரீசன் பாப்டிஸ்டுகளோடு சேர்ந்து தெலங்கானாவின் நல்கொண்டாவில் ஊழியம் செய்தார். 1899இல் அமெரிக்க மெனோனைட்டுகள் வந்து, பஞ்சத்தில் அடிபட்டிருந்த, இன்றைய சத்தீஸ்கரிலுள்ள தம்தரிப் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். உங்கள் தெலுங்குக் குடும்பங்களில் யாராவது அந்தத் தெலங்கானா சபைகளின் வழியாக வந்தார்களா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஒட்டுப்போட்ட பரம்பரை யாருக்கும் உதவாது.

பக்கத்து ஊர்த் தொடர்பு வேண்டும் என்று போதகர் அடம்பிடித்தால் ஒரு துணுக்கு தருகிறேன். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த டச்சுக் கம்பெனியில் மெனோனைட்டுகளும் பங்கு போட்டிருந்தார்கள். 1603இல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலை மடக்கிப் பிடித்த கொள்ளையை அவர்களில் சிலர் எதிர்த்தார்கள். வாள் எடுக்காத மதத்துக்கு அந்த லாபம் ஆகாது என்பது அவர்கள் வாதம். இதற்கும் கொருக்குப்பேட்டைக்கும் சம்பந்தமில்லைதான். இரத்தசாட்சிகளைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

காணிக்கை நோட்டு, வாடகை ரசீது, ஞானஸ்நானப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள். ஆண்டுகளை நினைவிலிருந்து சொல்பவர்களை அந்த ரசீதுகளோடு ஒத்துப்பாருங்கள். மாடியைக் கொடுத்த வீட்டுக்காரர் வேறு மதமாக இருந்தாலும் அவர் பங்கை விட்டுவிடாதீர்கள். சண்டை போட்டுக்கொண்டு வேறு சபைக்குப் போனவர்களையும் சந்தித்துக் கேட்டு, அவர்கள் சொன்னதையும் போடுங்கள். போதகர் தயங்குவார். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கங்களை அவரிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இடம் பற்றாவிட்டால் வாழ்த்துச் செய்திகளைக் குறைக்கலாம்.